சிம்மாசனத்தில் துண்டு

அந்த நகரத்தில் நூற்றாண்டுகளை மாடி மாடியாக அடுக்கி வைத்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு நான்காவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை.

மாசிலாமணியும் அவர் மனைவி பொற்கொடியும் அருப்புக்கோட்டையிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் வந்திருந்தார்கள். பொற்கொடிக்கு முழங்கால் வலி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீங்க முன்னால போங்க," என்றார். "உக்கார எங்கயாச்சும் இடமிருந்தா பிடிச்சு வைங்க. நான் மெதுவா வர்றேன்."

தைலப் புட்டி இருந்த மஞ்சப்பையைக் கணவர் கையில் கொடுத்தார்.

பதினேழாம் நூற்றாண்டில் கூட்டம் நெரிந்தது. முன்னால் வந்த பஸ்காரர்கள் இன்னும் வெளியேறவில்லை. உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மாசிலாமணி யோசிக்கவில்லை. ஊர் பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் செய்ததைச் செய்தார். தோளில் கிடந்த துண்டை உருவி, தலைகளுக்கு மேலாக வீசினார். அது போய் இருக்கையில் பாந்தமாக விரிந்து விழுந்தது. நல்ல வீச்சு. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அது சிம்மாசனம்.

ராஜா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். மீசையைத் துடைத்தபடி திரும்பி வந்து துண்டைப் பார்த்தார். பச்சைக் கரை போட்ட துண்டு. காலையில் சாம்பார்க் கையைத் துடைத்த கறை இருந்தது. நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகப் பவளம் ஒன்று தெரிந்தது.

"இங்க ஆள் வருதா?" என்று ராஜா கேட்டார்.

கூட்டம் துண்டையே பார்த்தது.

"சரி, வரட்டும்," என்று சொல்லி அவர் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

ராஜா உட்காராமல் அந்த நூற்றாண்டில் எதுவும் நடக்காது. உட்கார்ந்தபடிதான் அவர் உத்தரவு போடலாம். வெளியே படை கிளம்பாமல் காத்திருந்தது. குதிரைகள் கனைத்தன. மன்னிப்புக் கேட்க வந்திருந்த தூக்குத்தண்டனைக் கைதி ஒருவன் தூணில் சாய்ந்திருந்தான். "எனக்கொண்ணும் அவசரமில்லைங்க," என்றான்.

காவலன் துண்டைத் தொடவில்லை. போட்டவர் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், யாருக்காகப் போட்டதோ அவர் எடுக்க வேண்டும். அது அந்த நகரத்தின் சட்டம். அருப்புக்கோட்டையிலும் அதுதான் சட்டம்.

"யார் துண்டு இது?" என்றான் காவலன்.

எல்லோரும் தங்கள் தோளைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாசிலாமணியின் தோளைப் பார்த்தார்கள். அங்கே துண்டு இல்லை. மாசிலாமணியும் அவர்களோடு சேர்ந்து பார்த்தார்.

"எந்தப் பட்டிக்காட்டான் பாத்த வேலையோ," என்றார் பெத்தபெருமாள். அதே பஸ்ஸில் வந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "இவனுகளோட நாலு இடத்துக்கு வந்தா இதான். மானம் போகுது. என்ன சார்?"

"ஆமா சார்," என்றார் மாசிலாமணி.

அவர் ஆமா என்றதும் கூடம் கொஞ்சம் நீண்டது. சிம்மாசனம் தள்ளிப் போனது. ஒப்புக்கொள்வதென்றால் இப்போது இன்னும் அதிக தூரம் நடக்க வேண்டும், இத்தனை பேர் பார்க்க.

"என்னுது இல்ல," என்றார் மாசிலாமணி. அவரைத் தனியாக யாரும் கேட்டிருக்கவில்லை. கூடம் மறுபடி நீண்டது. ராஜா கால் மாற்றி நின்றார்.

பொற்கொடி அப்போதுதான் மேலே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. தூரத்தில் துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இடம் பிடிச்சிட்டீங்களா," என்றார்.

மாசிலாமணி கூரையைப் பார்த்தார். அங்கே யானைகள் வரைந்திருந்தார்கள். கைடு ஜோசுவா இன்னும் கூரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கவில்லை. இருந்தாலும் அவர் கவனமாகப் பார்த்தார். யானைகளும் வேறு பக்கம் பார்த்தன.

பொற்கொடி அவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மலர்ந்த முகம் மெதுவாக மூடிக்கொண்டது.

"துண்டு உங்களுதாம்மா?" என்றான் காவலன்.

"எனக்காகப் போட்டது."

"போட்டவரு யாரு?"

பொற்கொடி கணவருக்கு அவகாசம் கொடுத்தார். மாசிலாமணிக்குக் காது சுட்டது. நான்தான் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தார். இருமினார்.

"அவரு வரலைங்க," என்றார் பொற்கொடி.

அவர் நடந்தபோது கூடம் பழைய அளவுக்குச் சுருங்கி வழிவிட்டது. துண்டை எடுத்து உதறி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பாடா."

எக்காளம் ஊதினார்கள். கைதி முன்னால் வந்து நின்றான்.

"ஏம்ப்பா நிக்கிற? வீட்டுக்குப் போ," என்றார் பொற்கொடி. அவனுக்கு விடுதலை என்று முரசு அறைந்தார்கள். படையை என்ன செய்வது என்று தளபதி கேட்டார். வெயிலாக இருக்கிறது, வேண்டாம் என்றார் பொற்கொடி. போர் முடிந்தது.

ஜோசுவா குடையை உயர்த்திப் பிடித்தார். "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க. இவங்கதான் மகாராணி பொற்கொடி. நல்ல ஆட்சி. இவங்க வீட்டுக்காரரைப் பத்திக் குறிப்பு எதுவும் கிடைக்கல."

"கல்யாணம் ஆயிருந்துச்சா?" என்றார் பெத்தபெருமாள். கேட்டது ஜோசுவாவிடம். பார்த்தது மாசிலாமணியை.

"கழுத்துல தாலி இருக்கு சார். கட்டினது யாருன்னு தெரியல. ஆராய்ச்சி பண்றாங்க."

மகாராணி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மாசிலாமணியின் கையில் மஞ்சப்பை கனத்தது. தைலத்தைக் கொடுக்கலாம். கொடுத்தால், இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வரிசையோடு படியிறங்கினார்.

பஸ்ஸில் ஜோசுவா தலைகளை எண்ணினார். சரியாக இருந்தது. ராஜா ஏறியிருந்தார். மேலே அவருக்கு இனி வேலையில்லை. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரீடம் கூரையில் இடித்தது. கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணிக்குப் பக்கத்து ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. மஞ்சப்பையை அதன்மேல் வைத்திருந்தார்.

"இங்க ஆள் வருதா?" என்று ராஜா கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லைங்க," என்றார் மாசிலாமணி. "உக்காருங்க."

ராஜா பையைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சொடக்கிட்டன. பையை மூக்கருகே கொண்டுபோனார்.

"தைலம்," என்றார். "நின்னு நின்னு கால் போச்சு. யாருது இது?"

"தெரியாதுங்க."

"அப்ப தொடக்கூடாது. வச்சவங்க தேடுவாங்க."

ராஜா பையைத் திறக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் நின்ற ஒவ்வோர் இடத்திலும், வலிக்கிற காலை ஊன்றி எழுந்தார். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்று பஸ் முழுக்கக் கேட்டார். ஒவ்வொரு முறையும் மாசிலாமணியும் எல்லோரோடும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.