கரகம் சுற்றி வரும் நேரம்

...இந்தத் திருப்பம் தாண்டினால் சொல்லிவிடலாம், இல்லை, அந்தப் பாலம் வரட்டும், தண்ணீர் குடிக்க உட்காருவோம், அப்போது மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாக... இப்படியே அழகம்மா றக்வான மலை இறங்கி ரப்பர் மரங்களின் நிழலுக்கும் வந்துவிட்டாள், இன்னும் சொல்லவில்லை. இடுப்பில் கைக்குழந்தை தூங்குகிறான். முன்னால் புருஷன் கன்னையா, திரும்பியே பார்க்காமல். அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது மருதாயி, கரகம் எவ்வளவு உசரம் இருக்கும், அத்தை வீட்டில் ஆட்டுக்கறி ஆக்குவாங்களா, நாளைக்கும் அங்கேயே இருக்கலாமா என்று ஓயாமல்... நாளைக்கும் இருக்கலாமா. இருக்கலாம் கண்ணு, என்றாள் அழகம்மா. பொய் இல்லையே அது. நாளைக்கும் இருக்கலாம், அடுத்த வருசத் திருவிழாவுக்கும் இருக்கலாம், அவள் மட்டும்.

தோட்டத்தில் இரண்டு பேருக்கும் பேர் வெட்டியாயிற்று, வேலை போயிற்று. தேயிலைக்கு விலை இல்லையாம். சீமையில் எல்லாரும் தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டார்களா என்ன... இனிக் கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போகவேண்டியதுதான். "ஊருல நமக்கு என்னா இருக்கு? அண்ணன் வாசல்ல போயித்தான் நிக்கணும். தங்கச்சிக்குப் புள்ள இல்ல, அவ புருசனுக்கு இன்னும் வேல இருக்கு. இது ஒண்ணாவது சோறு திங்கட்டும்" என்று கன்னையா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்போது அவள் என்ன சொன்னாள்? கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்றிருக்கலாம், அழுதிருக்கலாம், அவன் கை நீட்டுகிற ஆளும் இல்லை... கிள்ளினாள், தண்டைக்கூட எறியாமல் முழுவதையும் கிள்ளி முடித்தாள்.

மாரியம்மன் கோயிலடியில் ஒரே சனம். உறுமிச் சத்தம் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கொடகவெலயிலிருந்து வந்திருந்த அஸீஸ் நானா சாக்கு விரித்து வளையல் பரப்பியிருந்தார், மருதாயி பச்சையைத் தொட்டாள், சிவப்பைத் தொட்டாள், பச்சைக்கே திரும்பி வந்தாள். "வளர்ற கை, கொஞ்சம் லூசாவே போடுவமா புள்ள? அப்பதான் ரெண்டு வருசத்துக்கு வரும்" என்றார் நானா. ரெண்டு வருசம். அந்த மணிக்கட்டு அப்போது எவ்வளவு தடித்திருக்கும், யார் பார்ப்பார்கள்... வேண்டாம், அளவாவே போடுங்க, என்றாள் அழகம்மா. எதற்கு அப்படிச் சொன்னாள்? பிள்ளை வளராமல் அப்படியே இருக்கட்டும் என்றா, சீ, என்ன மனசு இது.

வரிசையாக ஒட்டிக்கிடந்த லயத்து வீட்டில் கன்னையாவின் தங்கை புஷ்பம் இலை போட்டாள். சொந்தக்காரர்கள் நிறையப் பேர், எல்லாருக்கும் விசயம் தெரியும், அதனால் யாரும் அழகம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் இலையில் மட்டும் கறியை மேலும் மேலும் வைத்தார்கள். மருதாயி வேகமாகச் சாப்பிட்டாள். புஷ்பம் எலும்பிலிருந்து சதையைப் பிய்த்துப் பிய்த்துப் பிள்ளையின் பக்கம் தள்ளினாள். நல்லவள், புஷ்பம் நல்லவள், மருதாயி பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவளே அவள்தான், அவள் பெற்ற மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன... கெட்டவளாக இருந்திருந்தால் அந்தச் சாக்கிலாவது பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கை கழுவப் போன இடத்தில் புஷ்பம் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, கரகம் சுத்தி வர்றப்ப எங்க அவரு புள்ளயத் தோள்ல தூக்கிக்குவாரு. அப்ப கெளம்பிருங்க. சொல்லிட்டுப் போனீங்கன்னா ஏங்கிப்போயிரும்."

"பேன் பாக்கணும் அதுக்கு. ராவுல பயப்படும்" என்றாள் அழகம்மா.

"நான் பாத்துக்கிறேங்க அண்ணி."

கரகம் வந்தது. புஷ்பத்தின் புருஷன் நாகலிங்கம் மருதாயியைத் தூக்கித் தோளில் வைத்தான், பிள்ளையின் புதுச் சட்டை முதுகில் வேர்வையோடு ஒட்டியிருந்தது. கன்னையா அழகம்மாவின் முழங்கையைத் தொட்டான். நடந்தார்கள். கூட்டத்தின் ஓரம், பிறகு ஒற்றையடிப் பாதை, பிறகு மேடு... பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். எல்லாத் தலைகளும் கரகத்தின் பக்கம் இருந்தன. மருதாயியின் தலை மட்டும் இந்தப் பக்கம். பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள்? அழகம்மாவின் கால் நின்றது. இப்போது கத்துவாள், அம்மா என்பாள், அப்புறம் யார் என்ன சொன்னாலும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன், கூப்பிடு, ஒரு தடவை கூப்பிடு... பிள்ளை கூப்பிடவில்லை. வாய் கொஞ்சம் கோணியது போல இருந்தது, பிறகு மெல்லத் திரும்பி, நாகலிங்கத்தின் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரகத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

"புள்ள பாக்கலையே?" என்றான் கன்னையா.

"இல்லீங்க" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். உறுமிச் சத்தம் மரங்களுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே வந்தது. இடுப்பிலிருந்தவன் விழித்துச் சிணுங்கினான், மாராப்பை விலக்கிப் பால் கொடுத்துக்கொண்டே நடந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, பல்லி விழுந்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள், கூப்பிட்டுப் பயனில்லை என்று எப்போது கற்றுக்கொண்டாள், யாரைப் பார்த்து... அன்றைக்கு அடுப்படியில், நான் கீரை கிள்ளிக்கொண்டிருந்தபோது, மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவள் தூங்கித்தான் கிடந்தாளா?