றுமானாவின் பெயரில்

கரண்ட் போஸ்ட் ஏற்றிய லொறி கோமாரியில் அவர் வாசலுக்கு வந்து நின்றதும், பதியுதீன் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, அரை ஏக்கர் தென்னைக்கு அமைச்சரைப் போல நடந்து வந்தார்.

“ஹாஜியார், உங்கட வளவுக்குள்ள ஒரு போஸ்ட் நட வேணும். பின் வீட்டுக்குக் கரண்ட் போகுது,” என்றார் மேற்பார்வையாளர் ஞானரட்ணம்.

பதியுதீன் மக்காவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் மரியாதையோடு வாசலுக்கு வந்த சொல்லை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

பின் வீடு, அயலவள் பாத்தும்மா தன் மகள் ஹிமாயாவுக்குக் கட்டிய சீதன வீடு. வெள்ளிக்கிழமை நிக்காஹ். பூச்சு முடிந்துவிட்டது, கரண்ட்தான் பாக்கி. மறுக்கும் எண்ணம் பதியுதீனுக்கு இல்லை. ஆனால் கொஞ்சமாவது மறுத்துக் காட்டாவிட்டால் காணிக்காரனுக்கு என்ன மதிப்பு? போஸ்ட்டை இந்த மரத்தடிக்கு மாற்றினார், அந்த மூலைக்கு மாற்றினார், கடைசியில் ஓரிடத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

குழி தோண்ட அலவாங்கை ஊன்றி நின்ற வேலையாள் டிலுக்சன், “இது நாங்க முதல்ல சொன்ன இடம்தானே, ஹாஜியார்?” என்றான்.

“தெரியும். சரியான இடமாண்டு பாத்தன்.”

ஞானரட்ணம் சிரித்தபடி சம்மதப் படிவத்தை நீட்டினார். “காணி ஆர்ர பேர்ல?”

“மகள்ட பேர்ல.”

“அப்ப அவதான் கையெழுத்து வைக்கணும். உள்ள நிக்கிறாவா?”

“இல்ல.”

“வெளிநாடா?”

பதியுதீன் இதையும் திருத்தவில்லை. ஞானரட்ணம் போனை எடுத்தார். “நம்பரச் சொல்லுங்க. இப்பவே கேப்பம். ஒரு வொயிஸ் போட்டாலும் காணும்.”

பதியுதீன் தென்னைகளின் உச்சியைப் பார்த்தார். அந்த ஊர்ப்பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுக்குமுன் வீட்டையும் வளவையும் அவள் பேருக்கு எழுதிவிடுவார்கள். அவரும் எழுதினார். மகள் றுமானாவின் பேருக்குக் காணி உறுதி எழுதி முடிந்த பதினோராம் நாள் கடல் வந்தது. நிக்காஹுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. வீட்டில் அத்திவாரம் மிஞ்சியது. அதன் மேல் இரண்டு அறை எழுப்பி அவரும் மனைவி சல்மா உம்மாவும் குடியிருந்தார்கள். அவள் பேரில் இருந்த உறுதியையும் கரண்ட் மீட்டரையும் பேர் மாற்றப் போகவில்லை. கேட்டவர்களிடம் காணிக் கந்தோரில் கியூ என்பார். இருபது வருடம் நகராத கியூ.

மாதம் ஒரு தடவை மீட்டர் பார்ப்பவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “றுமானா, பில்!” என்று கத்துவான். சல்மா உம்மா உள்ளேயிருந்து, “ஓம், வாறன்,” என்பாள். அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

வேலிக்கு அப்பால் ஹிமாயாவின் புதுச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

“நம்பர் இல்ல தம்பி. மகள் மவுத்து. சுனாமியில. நான் ஹாஜியாரும் இல்ல,” என்றார்.

டிலுக்சன் அலவாங்கைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தான். ஞானரட்ணம் போனைச் சட்டைப் பையில் போட எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

“காக்கா,” என்று அண்ணனாக்கிக்கொண்டார், “மரண சேட்டிபிக்கட் வேணும். அதக் குடுத்தா நீங்க கையெழுத்து வைக்கலாம், மீட்டர்ட பேரும் மாறும். உங்கட பேர்தான் வரும்.”

பதியுதீன் வாயைத் திறக்குமுன் சல்மா உம்மா படியிறங்கி வந்தாள். கையில் பொலித்தீனில் சுற்றிய கடதாசி. அதை ஞானரட்ணத்திடம் கொடுக்காமல் கணவரின் கையில் வைத்தாள்.

“குடுங்க. கலியாண வீடு இருட்டில கிடக்கேலாது.”

வெள்ளிக்கிழமை ஹிமாயாவின் வீட்டில் லைட் எல்லாம் எரிந்தது. பதியுதீன் போய்ச் சாப்பிட்டார், இறைச்சியில் உப்புக் குறைவு என்று குறையும் சொன்னார்.

அடுத்த மாதம் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றபோது அவர் புதுப் போஸ்ட்டடியில் தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார். மீட்டர் பார்ப்பவன் பில்லைக் கிழித்தான். வழக்கமாகப் பார்க்காதவன், இன்று அதிலிருந்த பேரை ஒரு தடவை பார்த்தான். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கைநிறையக் குரும்பட்டியோடு பதியுதீன் நிமிர்ந்தார். அவன் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.