செங்கல் கோடு

மேளக்காரர்கள் இரண்டு பேரும் மேளத்தை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு வெள்ளம் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் பின்னாலேயே பந்தல் போட வந்தவனும் போனான். ஒப்பாரிக்கு உட்கார்ந்திருந்த பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, "செத்த எட்டிப் பாத்துட்டு வாரோம்" என்று எழுந்தார்கள். பாண்டீஸ்வரி மட்டும் மிஞ்சினாள். பெஞ்சில் கிடந்த அப்பாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை முந்தானையால் விரட்டினாள்.

"ஒம்ம எழவுக்கு வந்த கூட்டத்தப் பாத்தீரா? அம்புட்டுப் பேரும் ஓடைக்குப் போயிட்டாக."

உயிரோடு இருந்தால் அவர்தான் முதல் ஆளாகப் போயிருப்பார்.

அப்பா சங்கிலிப்பாண்டி ராஜபாளையத்துப் பஞ்சு குடோனில் லோடுமேன். மூட்டை ஏறி ஏறிப் பிடரியில் ஒரு கட்டி காய்த்துப் போயிருந்தது. அந்த ஆள் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மேற்கே மலையை மேகம் மூடிவிட்டால் மட்டும் நிலைகொள்ளாது. செங்கல் துண்டை எடுத்து வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு கிழிப்பார். "இந்த வருசம் தண்ணி இதுவரைக்கும் வரும்" என்பார், விருந்தாளி வரப்போகிற மாதிரி. அப்புறம் அரிசிப் பானை, டிவி, மெத்தை எல்லாம் பரணுக்கு ஏறும். வன்னியம்பட்டி ஓடை ஒருமுறைகூட ரோட்டைத் தாண்டி வந்ததில்லை. பழைய கோடுகள் சுவர் நிறையக் காய்ந்து கிடந்தன.

"லோடு தூக்காம இந்த மனுசனுக்குக் கை நமநமங்குது. அதான் வீட்டுச் சாமானத் தூக்குதாரு" என்று அம்மா இருக்கும்போது சொல்வாள்.

இன்று காலையிலும் கிழித்தார். இரண்டாம் படிக்கு மேலே, நல்ல அழுத்தமான கோடு. பாண்டீஸ்வரி டீயோடு வந்தாள்.

"வெள்ளமாவது மண்ணாவது. ஆறுறதுக்குள்ள குடியும்."

அவர் சுவரில் சாய்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவு சரியா என்று பார்க்கிறார் போல என நினைத்துத் தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தார். செங்கல் துண்டு மட்டும் கையிலிருந்து விழுந்திருந்தது.

தம்பி கௌதம்ராஜ் முழங்கால் வரை நனைந்து ஓடி வந்தான்.

"யக்கா, தரைப்பாலத்து மேல தண்ணி ஏறிருச்சு. சுடுகாடு அக்கரையில கெடக்கு. இப்பத் தூக்குனாத்தான் உண்டு. விட்டா நாளைக்குக் காலைலதான்."

"அத்த வரணும்லே."

"அத்தைக்குப் பாத்தா அப்பா நாறிப் போவாரு."

"அப்பாவுக்கு ஒத்தக் கூடப்பொறப்புடா. முகம் பாக்க விடாம எடுத்துட்டு, காலம் பூரா அவகிட்ட நீ பேச்சு வாங்குவியா? நான் மாட்டேன்."

அப்போது அவன் போன் அடித்தது. அத்தை சுடலைமாடத்திதான். அவள் பேச ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏலே, எங்க இருக்கீக எல்லாரும்? நான் வந்து எம்புட்டு நேரமாச்சு!"

"எங்கத்தே நிக்க?"

"சுடுகாட்டுலதாம்லே நிக்கேன்!"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மகாராஜபுரத்துல ஏறும்போதே வெரசாப் போப்பான்னு சொன்னேன். ஆட்டோக்காரப் பய கம்மாக்கரை வழியாக் குறுக்க விட்டு, இங்கன எறக்கிட்டுப் போயிட்டான். முன்னால பூராம் தண்ணி. வெறகு அடுக்குத ஆளு 'ஒக்காருங்கம்மா'ன்னு எருமுட்டைய இழுத்துப் போடுதான். வேற யாரும் இல்ல, நான் மட்டும் சுடுகாட்டுல குத்தவச்சிருக்கேன்!"

இந்த ஊரில் பாடைக்குப் பின்னால் போகிற பொம்பளைகள் தெருமுக்குக் குழாயோடு திரும்பிவிட வேண்டும். சுடுகாட்டு மண்ணை மிதித்தவள் கிடையாது.

"செத்தவருக்கு முந்தி அத்தை போயிருச்சு" என்றான் கௌதம்ராஜ். பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்தினாள். பொத்திய பிறகும் தோள் குலுங்கியது.

"அத்தே, நீ அங்கனயே இரு. எப்படியாச்சும் ஆள் அனுப்புதோம்" என்று போனை வாங்கிச் சொன்னாள்.

"எனக்கு எதுக்குட்டி ஆளு? வருசாவருசம் பொங்கச் சீரு தூக்கிட்டு அவந்தான என்னையத் தேடி வருவான்? இன்னைக்கும் அவனே வரட்டும்."

குளிப்பாட்டிக் கோடி போர்த்திப் பாடையில் வைப்பதற்குள் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. பாடையை ஏற்றிப்போக வந்த டிராக்டர்க்காரன் பாலத்தைப் பார்த்துவிட்டு, "என்ஜினுக்குள்ள போச்சுன்னா என் பொழப்பு போச்சு" என்றான். அவனைத் திட்ட ஆள் இல்லை. குடோன் கூட்டாளிகள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கருத்தையா.

"டிராக்டர் என்னத்துக்கு? நாங்க தூக்காத லோடா? கயிற மட்டும் குடு."

டிராக்டரில் ஒரு முனை, அக்கரைப் புளியமரத்தில் ஒரு முனை என்று கயிறு இழுத்துக் கட்டினார்கள். லோடுமேன்கள் சாக்கை மடித்துத் தலையில் சும்மாடு வைத்தார்கள்.

"தோள்ல வைக்காம?" என்றார் ஒரு பெரியவர்.

"தோள்ல வச்சா நனையும். பஞ்சும் அண்ணனும் நனையக் கூடாத சரக்கு" என்றார் கருத்தையா.

பாடை தலைகளுக்கு மேலே ஏறியது. மேளக்காரர்கள் இக்கரையில் நின்று இதுவரை விட்டதற்கெல்லாம் சேர்த்து அடித்தார்கள். வெள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த போன்கள் எல்லாம் பாடையின் பக்கம் திரும்பின. பாண்டீஸ்வரி குழாயோடு நிற்கவில்லை. தண்ணீர் பாதத்தைத் தொடும் இடம் வரை போய் நின்றாள்.

நடுப்பாலத்தில் முன்னால் போன ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. மேளம் நின்றது. பாண்டீஸ்வரி தன் கழுத்துச் செயினைப் பற்றிக்கொண்டாள்.

"நிமிராத! நிமிராதலே! காலத் தேச்சு வையி!" என்று கருத்தையாவின் குரல் வந்தது. லாரிப் பலகையில் லோடு ஏற்றும்போது போடுகிற அதே சத்தம். பாடை ஒரு மூச்சு நேரம் ஆடி, நேரானது.

அக்கரையில் இறக்கினார்கள். சிவப்புச் சேலை ஒன்று எருமுட்டையை விட்டு எழுந்து ஓடிவந்து குனிந்தது. இரண்டு கையும் முகத்தைத் தடவுவது இங்கிருந்தே தெரிந்தது. அப்புறம் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் வந்தது.

"நனையாம வந்துட்டியேலே, எஞ்சாமி!"

இக்கரை மொத்தமும் சிரித்தது. ஓடை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீடு திரும்பியபோது மழை விட்டிருந்தது. தண்ணீர் முதல் படியை முழுக்கி இரண்டாம் படியில் ஏறி நின்றது. அதற்கு மேல் போகிற மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு இருளம்மாள் சுவரைக் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, கோட்டுக்கு இன்னும் நாலு வெரக்கடை கெடக்கு. ஒங்கப்பன் இந்தத் தடவையும் தோத்துட்டாரு!"

"அவரு என்னைக்கு ஜெயிச்சாரு?" என்றாள் பாண்டீஸ்வரி.

பொம்பளைகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி பின்வாசலுக்குக் குளிக்கப் போனார்கள். அவள் படியிலேயே நின்றாள். காலையில் வைத்த தம்ளர் ஜன்னல் விளிம்பில் இருந்தது. டீயில் ஆடை படிந்திருந்தது. ஊற்றிவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். யாரும் இல்லை.

தம்ளரை வெள்ளத்தில் முக்கி எடுத்து, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஊற்றிக்கொண்டே போனாள். செங்கல் நிறம் கரைந்து, சுவரில் இறங்கித் தண்ணீரைத் தொட்டது.