திரைக்கு அந்தப் பக்கம்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்புவதற்குள் சவரம் செய்து முடிப்பேன். அடுப்பில் முட்டை வேகும். சட்டைக்கு இஸ்திரி போடுவேன், முன்பக்கம் மட்டும். முதுகு எப்படியும் நாற்காலியில் கசங்கிவிடும். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுப்பேன்.

துறவற சபை இல்லத்தின் வாசலில் பிரதர் நிற்பார். என் மனைவியின் தாய்மாமா. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். வெள்ளை அங்கியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். ஒருமுறை சக்கரத்தில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. என் அலுவலகம் அவர் பள்ளியைத் தாண்டி இருக்கிறது. அவள் இருந்தபோது ஆரம்பித்த ஏற்பாடு. அவள் இறந்த பிறகு நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மீசை முளைக்கும் வயதில் சபையில் சேர்ந்தவர். கல்யாணம் கிடையாது, சம்பளம் கிடையாது, சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவத்தை மன்னிக்க முடியாது. அதெல்லாம் ஃபாதர்களின் வேலை. இவருக்குக் கரும்பலகை. வயதான பிறகும், மாற்றாள் இல்லையென்று சபை அவரை விடவில்லை. அவரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் தொண்டை கட்டிவிடும். அப்புறம் பலகையில் எழுதிப்போட்டே பாடம் நடத்துவார்.

நேற்று மாமியார் போனில் பிடித்துக்கொண்டார்.

“போறப்ப அவ என்ன சொன்னான்னு என் தம்பிகிட்ட கேட்டீங்களா மாப்பிள்ளை?”

“இல்ல அத்தை.”

“நான் கேட்டா ‘களைப்பா இருக்குக்கா’ங்கிறான். என் பொண்ணு பேசுனதைச் சொல்ல என்ன களைப்பு? அவன் வாயைத் திறக்கக் கடப்பாரைதான் வேணும். நீங்களாவது கேளுங்க.”

கேட்கக் கூடாதென்று இல்லை. அவளிடமிருந்து எனக்கு இனி வர வேண்டியது அது ஒன்றுதான். கேட்டால் அதுவும் முடிந்துவிடும்.

இன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை அணைத்தேன். பக்கத்து வேனிலிருந்து ஒரு பெண் குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“ஃபாதர், புள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க.”

“நான் ஃபாதர் இல்லம்மா, பிரதர். வாத்தியார். எனக்குக் கணக்குதான் தெரியும்.”

“பரவால்ல, வைங்க. கணக்காவது வரட்டும். இவங்கப்பாவுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.”

பிரதர் கையை வைத்தார். வேனுக்குள் யாரோ சிரித்தார்கள்.

அவள் போன அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸும் இதே அங்கியைத்தான் பார்த்தாள். “ஃபாதர் வந்துட்டாரு. பாவசங்கீர்த்தனம் முடியட்டும், நீங்க வெளிய இருங்க” என்று சொல்லி, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். பிரதர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அவளிடம் தனியாக ஏதோ பேச வேண்டும்போல என்று வெளியே போனேன். திரை திரும்ப விலகியபோது எல்லாம் முடிந்திருந்தது.

“இந்தம்மாகிட்ட சொன்னீங்களே பிரதர்,” என்றேன், திரும்பாமல். “அன்னைக்கு நர்ஸ்கிட்ட ஏன் சொல்லல?”

சரக்கு ரயில் வந்தது. கடைசிப் பெட்டியும் போனது.

“அன்னைக்கு எல்லா பீரியடும் எடுத்துட்டு நேரா வந்திருந்தேன் மாப்பிள்ளை. காலம் பூரா இதையே சொல்லிட்டு இருக்கேன், நான் ஃபாதர் இல்ல, ஃபாதர் இல்லன்னு. அன்னைக்கு இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்ல. ஒரு நாற்காலி இருந்துச்சு. உட்கார்ந்துட்டேன்.”

“அவ தூங்கிட்டு இருந்தாளா?”

“முழிச்சுதான் இருந்தா. நர்ஸ் சொன்னதெல்லாம் அவ காதுல விழுந்துச்சு. அவ சொன்னதும் எந்திரிச்சேன். நெசமா எந்திரிச்சேன். திரையைத் தடவுறேன், எங்க திறக்கிறதுன்னு தெரியல. திரும்பிப் பாத்தா...”

கேட் ஏறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை.

“என்ன சொன்னா?”

“சிரிச்சா. ‘உங்களை ஃபாதராக்கிட்டாங்க மாமா. அவரைக் கூப்பிடுங்க, அவரும் சிரிக்கட்டும்’னா.”