முன் அடுப்பு

அம்மா வீடு வந்து சேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் அப்பா அடுப்பைப் பாதி கழற்றிப் போட்டுவிட்டார்.

கூடத்தில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செய்தி கேட்டதும் வந்தவர்கள். அவர்கள் குரலைத் தாழ்த்தி ஆஸ்பத்திரியைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, சமையலறையிலிருந்து ஸ்பேனர் தரையில் விழும் சத்தமும், "எங்கடா உருண்டு போனே" என்று அப்பா ஒரு ஸ்க்ரூவை விசாரிக்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்கு அதிர்ச்சியில் இப்படி ஆகும் என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

மகளுக்கும் அந்தப் பயம் இருந்தது. நேற்று மாலையிலிருந்து அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ராத்திரி படுத்தவர் விடிந்ததும் எழுந்து, முகம் கழுவி, டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார்.

"அப்பா, இப்ப இது அவசியமா?"

"டாக்டரம்மா, டார்ச்ச இப்படிப் பிடி."

அவள் பல் டாக்டர். அவளுக்கு ஐம்பது வயதானாலும் அப்பாவுக்கு அவள் டார்ச் பிடிக்கிற ஆள்தான். பிடித்தாள்.

அப்பா கேஸ் அடுப்பு மெக்கானிக். அந்த வட்டாரத்தில் அவருக்கு டிக்டிக் என்று பெயர். குமிழைத் திருகும்போது பர்னர் பக்கத்தில் டிக் டிக் என்று பொறி பறக்குமே, அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். சில வீடுகளில் போனிலேயே கேட்டுச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டு அடுப்பில், நாலு பர்னரில் இடது பக்க முன் அடுப்பு மட்டும் ஒன்பது வருஷமாகத் தானாகப் பற்றிக்கொள்ளவில்லை. "முள்ளு போச்சு, பார்ட் வரணும்" என்பார். பொறியைத் துப்புகிற அந்தச் சின்ன வெள்ளைக் குச்சிக்கு அவர் பாஷையில் முள். அடுப்பைச் செய்த கம்பெனியை மூடி ஏழு வருஷம் ஆகிறது. பார்ட் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

அம்மாவும் விடமாட்டாள். மற்ற மூன்று அடுப்பில் டீ போட்டால் ருசிக்காது என்பாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் போய்விட்டது, லைட்டரை அமுக்க முடியவில்லை என்பாள். அவள் தையல்காரி. அதே கட்டைவிரலால் நாள் முழுக்கத் துணி வெட்டுவாள், அதை யாரும் கேட்கக் கூடாது. காலையில் அப்பா செருப்பு மாட்டுகிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல் வரும். "ஏங்க, பத்த வைங்க." அப்பா முணுமுணுத்துக்கொண்டே போய், ஆணியில் தொங்கும் லைட்டரை எடுத்துப் பற்ற வைப்பார். உடனே வந்துவிடவும் முடியாது. "அப்படியே நில்லுங்க, அணைஞ்சாலும் அணையும்" என்பாள். பால் பொங்குகிறவரை நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசி, யாரையாவது கிண்டல் செய்து சிரித்து, கடைசியில் ஒரு சின்னச் சண்டையும் போட்டு முடிப்பார்கள். மகள் விடுமுறைக்கு வந்தால் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பாள்.

நேற்று மத்தியானம்கூட ஆஸ்பத்திரியில் அம்மா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மகளும் அங்கேதான் இருந்தாள். "வீட்டுக்குப் போனதும் அந்த முன் அடுப்பத் திறந்து பாருங்க" என்றாள் அம்மா.

"பார்ட் வரணும்" என்றார் அப்பா, பழக்க தோஷத்தில்.

"ஆமா, கப்பல்ல வருது" என்று அம்மா மூச்சு வாங்கச் சிரித்தாள். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் அம்மா போய்விட்டாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டா" என்றார் அப்பா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவும் என் தொழில்ல. ஊர் அடுப்பெல்லாம் எரியுது, என் வீட்டு அடுப்பு எரியலன்னு மனசுல வெச்சுக்கிட்டே போயிட்டா. அவ வர்றதுக்குள்ள இத டிக்குனு பத்த வெச்சிடணும். வந்ததும் பாருடின்னு சொல்லணும்."

சமையலறை வாசற்படியில் பெரியம்மா வந்து நின்றாள். அம்மாவின் அக்கா.

"தம்பி, வந்தவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. சாயங்காலம் பாத்துக்கலாமே."

"சாயங்காலம் பாத்துக்கலாம்னுதான் அண்ணி ஒம்பது வருஷம் ஓடிப்போச்சு. அந்த முள்ளு ஒண்ணு கிடைச்சா முடிஞ்சுது."

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உள் அறைக்குப் போய்விட்டாள். பாவம், அழுகையை அடக்கிக்கொள்கிறாள் என்று மகள் நினைத்தாள்.

முள் வாங்க மகள்தான் காரை ஓட்டினாள். தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை எல்லோரும் இல்லண்ணன் என்பார்கள். எதைக் கேட்டாலும் முதலில் "இல்லண்ணே" என்பார். பிறகு உள்ளே போய் அதையே எடுத்துக்கொண்டு வருவார். முப்பது வருஷமாக அப்பாவும் அவரும் இப்படித்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

இன்று அப்பா படியேறும்போதே அவர் கல்லாவை விட்டு எழுந்து நின்றார். செய்தி வந்திருந்தது. அப்பா மாடலைச் சொன்னார்.

"இருக்குண்ணே" என்றார் கடைக்காரர்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. மகள் பக்கம் குனிந்து, "போச்சு, இவன் இருக்குன்னா கண்டிப்பா இருக்காது" என்றார்.

சொன்னபடியே ஆயிற்று. கடைக்காரர் ஏணி போட்டு மேலே ஏறினார், பெட்டி பெட்டியாக இறக்கினார், தலையெல்லாம் தூசியோடு நின்றார். வாய்தவறி நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்க மகளுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குச் சிரிக்கலாமா என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, வேற கம்பெனி முள்ளு ஒண்ணு இருக்கு. கால் மட்டும் கொஞ்சம் நீளம். அராவினா உக்காந்துடும்." அதை ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்தார். "அக்கா என் பையனுக்குத் தெச்ச ஸ்கூல் சட்டை, அவன் தம்பியும் போட்டுக் கிழிச்சிட்டான். பட்டன் மட்டும் அப்படியே இருக்குண்ணே."

"பட்டன் எப்படிப் போகும். அவ போட்ட முடிச்சு" என்றார் அப்பா. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அது உண்மைதான். அம்மா பட்டன் தைத்தால் நூலை மூன்று சுற்று சுற்றி, உள்ளே கோத்து இழுத்து, ஒட்ட நறுக்கிவிடுவாள். முடிச்சு எங்கே என்று தேட வேண்டும். அப்பா இப்போது போட்டிருந்த சட்டையின் கழுத்துப் பட்டன்கூடப் போன வாரம் அவள் தைத்ததுதான். எப்போதும் போல அவர் அதைப் போடாமல் திறந்து விட்டிருந்தார். கழுத்து இறுக்குகிறது என்று அவரும், எருமைக்குக்கூடக் கழுத்து மூடியிருக்கிறது என்று அவளும் அதற்கு ஒரு தனிச் சண்டை வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முள்ளின் காலை அராவினார். ஊதிப் பார்த்தார், மறுபடி அராவினார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை உட்கார வைத்து வயரை மாட்டி, பர்னர் மூடியைத் திருத்தி வைத்தபோது மணி பத்து. மகளின் கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். கையெழுத்தெல்லாம் முடிந்தது, இன்னும் அரை மணியில் கிளம்பிவிடுவோம் என்றான்.

அப்பா பிளக்கைப் போட்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குமிழை அழுத்தித் திருகினார்.

எந்தக் குமிழைத் திருகினாலும் நாலும் சேர்ந்து பொறி விட வேண்டும். பின்னாலிருந்த இரண்டும் டிக் டிக் என்றன. வலது பக்க முன் அடுப்பும் டிக் டிக் என்றது. இடது பக்க முன் அடுப்பு, புது முள்ளோடு, வாயை மூடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை திருகினார். முள்ளைத் துடைத்து, இடைவெளியைச் சரி செய்து மூன்றாம் முறையும் திருகினார். அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. அந்த மனிதர் ஓர் அடுப்பின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றதை மகள் பார்த்ததே இல்லை. தன் கிளினிக் நாற்காலியில் உட்காருகிறவர்கள் முகம்தான் அப்படி இருக்கும். அம்மா வந்துவிடப்போகிறாள், இவர் இதைப் பிடித்துக்கொண்டு இன்று முழுக்க இப்படியே நின்றுவிடுவார் என்று தோன்றியது.

"அப்பா, நீங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்வீங்களே. முதல்ல பிளக்கு, அப்புறம் வயரு, கடைசியாத்தான் முள்ளுன்னு."

"ஆமா. வயரு பாக்காம முள்ள மாத்துறவன் மெக்கானிக்கே இல்ல."

"இதுல வயரு பாத்தீங்களா?"

"இதுல எதுக்கு? ஒரு அடுப்பு மட்டும் பேசலன்னா முள்ளுதான். சத்தத்துலயே தெரியும். அப்பவே சொல்லிட்டேனே."

"திறந்து பாத்தீங்களாப்பா?"

அப்பா கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒம்பது வருஷத்துல ஒரு தடவகூடவா?"

"நம்ம வீட்டு அடுப்புதானேன்னு விட்டுட்டேன்" என்றார், சின்னக் குரலில்.

பிளக்கைப் பிடுங்கி, இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அடுப்பைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். கடைசியாக அது நகர்ந்தது ஒன்பது வருஷம் முன்பு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது. அப்போது அப்பா வழக்கம்போல ஊர் அடுப்புகளைப் பார்க்கப் போயிருந்தார். அம்மாதான் கூட நின்று நகர்த்தி வைத்தாள். அப்பா பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். மகள் டார்ச்சை அடித்தாள்.

உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதிலிருந்துதான் நாலு அடுப்புக்கும் வயர் போகிறது. மூன்று வயர் பெட்டியில் செருகியிருந்தது. நாலாவது வயர் மட்டும் வெளியே எடுக்கப்பட்டு, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எலி கடிக்கவில்லை, அறுந்து போகவும் இல்லை. அதன் நுனியில் நீல நூல் சுற்றியிருந்தது. மூன்று சுற்று, உள்ளே கோத்து இழுத்து, ஒட்ட நறுக்கியிருந்தது.

அப்பா குனிந்து தன் கழுத்துப் பட்டனைப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்தார்.

கூடத்தில் யாரோ இருமுவது கேட்டது. அப்பாவின் தோள் அசைந்தது. அழுகிறார், நல்லது, அழட்டும் என்று மகள் அவர் முதுகில் கை வைத்தாள். அப்புறம்தான் சத்தம் வந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, அடுப்பில் முதுகைச் சாய்த்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று.

பெரியம்மா ஓடி வந்தாள். கழற்றிய தகட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தான் தெரிஞ்சுதா தம்பி?"

"அண்ணி, உங்களுக்கு?"

"பெயின்ட் அடிச்ச அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டா. ஊர்ல எவ வீட்டு அடுப்பு கெட்டாலும் ஓடுறாரு, நம்ம வீட்டு அடுப்பும் கெட்டாத்தான் இவரப் பாக்க முடியும்னா. ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவாரு, பெரிய மெக்கானிக்காச்சேன்னா. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டேன், இன்னும் இல்லக்கான்னா. ஒரு வருஷம் கழிச்சும் அதான் சொன்னா. நீங்க முள்ளு முள்ளுன்னு சொல்றப்பல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்ப அடக்க முடியாது."

காலையில் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு போனது மகளுக்கு இப்போது விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. அம்மா நேற்று சரி பண்ணுங்கள் என்று சொல்லவே இல்லை. திறந்து பாருங்கள் என்றுதான் சொன்னாள்.

போன் அடித்தது. தெருமுனைக்கு வந்துவிட்டார்களாம்.

"அப்பா, வயரச் செருகிடுங்க. ஒரு நிமிஷ வேலை. டிக்குனு பத்திக்கும்."

அப்பா வயரைக் கையில் எடுத்தார். நூலின் நுனியை நகத்தால் தேடினார். கிடைக்கவில்லை. வெட்டுவதற்கு மகள் டூல் பெட்டியிலிருந்து கட்டரை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி மறுபடி பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"வெட்டுனா திரும்ப இந்த முடிச்சு போட யாரு இருக்கா" என்றார். வயரை முன்பு இருந்தபடியே மடித்து வைத்துத் தகட்டை மூடினார். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக முடுக்கினார். அடுப்பு தன் இடத்துக்குப் போனது.

"இல்லண்ணனுக்கு அந்த முள்ளத் திருப்பிக் குடுக்கணுமே" என்றாள் மகள்.

"இருக்கட்டும். நாளைக்குக் கழட்டித் தரேன். பார்ட் வந்துடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லணும்."

ஆணியிலிருந்து லைட்டரை எடுத்து, குமிழைத் திருகி, முன் அடுப்பைப் பற்ற வைத்தார். நீலமாக, வட்டமாக எரிந்தது. பால் பாத்திரத்தை வைத்தார். வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. கூடத்தில் எல்லோரும் எழுந்து நாற்காலிகளை ஒதுக்கினார்கள்.

"தம்பி, வந்துட்டா" என்றாள் பெரியம்மா.

"பொங்கட்டும் அண்ணி. நடுவுல விட்டுட்டுப் போனா திட்டுவா."

அவர் அப்படியே நின்றார். மகளும் பக்கத்தில் நின்றாள். பால் ஓரத்தில் முதலில் நுரை கட்டி, பிறகு மெல்ல எழும்பி விளிம்புக்கு வந்தது. அப்பா அடுப்பை அணைத்து, லைட்டரை ஆணியில் மாட்டினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். கூடத்துக்குப் போகும் வழியில் நின்று, கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.