கழற்றிய வால்வு

சென்னப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதியமான்கோட்டை ஹைவே ஓரத்து ஒர்க்‌ஷாப்பில் அவன் கை செய்யும் வேலையைவிட இரண்டு மடங்கு வேலையை வாய் செய்யும். அன்று காலை அது கலைமதிமேல் பாய்ந்தது.

பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றும் பிக்கப்பைக் கலைமதி தானே ஓட்டுகிறாள். மார்கழிப் பனியில் ஹீட்டரை எவ்வளவு கூட்டி வைத்தாலும் வெதுவெதுப்புக்கு மேல் வருவதில்லை. முன்கண்ணாடியில் படிந்த ஆவி விலகாமல், ஓசூர் தாண்டி நடுத்தடுப்பில் வண்டியை உரசிவிட்டாள். கூடவே வந்திருந்த கொழுந்தன் நவநீதனுக்கு அது போதுமாக இருந்தது.

"ஹீட்டரெல்லாம் சும்மா சாக்குண்ணா. அண்ணி மேல தப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, வண்டிய நான் எடுத்துக்கறேன்" என்றான்.

சென்னப்பன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டான். வெள்ளையாக உப்பு ஒட்டியது.

"ஏம்மா, போர் தண்ணி ஊத்தினீங்களா?"

"ரெண்டு தடவ ஊத்தினேங்கண்ணா. வழியில வேற கெடைக்கல."

"நம்மூரு தண்ணிய ஊத்தினா ஹீட்டர் அடைச்சிக்காம என்ன பண்ணும்? ஸ்டேரிங் புடிச்சா மட்டும் ஆச்சா?"

காத்திருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். நவநீதன் கையை நீட்டினான். கலைமதி தலையைக் குனிந்தபடி சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சென்னப்பன் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தான். நவநீதனிடமிருந்து சாவியை வாங்கி வண்டியை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் தொட்டான். அடைப்பு என்றால் ஒன்று சுடும், ஒன்று ஆறிக் கிடக்கும். இங்கே இரண்டும் ஒரே இளஞ்சூடு. வெகுநேரம் ஓடியும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறவில்லை. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, வால்வு இருக்கும் கூட்டைத் திறந்தான். உள்ளே காலி.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு அது. அது இல்லாவிட்டால் பனியில் தண்ணீர் சூடேறாது, ஹீட்டருக்கும் சூடு போகாது. சித்திரையில் தொப்பூர் மலைப்பாதையில் கொதித்து வந்த இதே வண்டியிலிருந்து அதைக் கழற்றி எறிந்தவன் அவனேதான். வெயில் காலத்தில் கொதித்து வரும் வண்டிக்கெல்லாம் அதே வைத்தியம். நம்மூருக்கு ஹீட்டர் எதற்கு என்ற நினைப்பு. அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

புது வால்வை எடுத்துச் சத்தமில்லாமல் மாட்டினான். வண்டியை மறுபடி ஓடவிட்டதும் கேபினுக்குள் நல்ல சூடு வந்தது. சாவியை நவநீதனிடமே திருப்பிக் கொடுத்தான். இப்படியே விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

கலைமதி அருகில் வந்தாள். "நல்ல வேள சொன்னீங்கண்ணா. இனிமே அந்தத் தண்ணிய..." என்றவள், இனிமேல் வண்டி தன் கையில் இல்லை என்பது உறைக்க, நிறுத்திக்கொண்டாள்.

சென்னப்பனுக்கு உடம்பே கூசியது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முணுமுணுத்தான்: "தண்ணியால இல்லம்மா. வால்வ நான்தான் சித்திரையில கழட்டினேன். உங்ககிட்ட சொல்லல."



"அத்தன பேரு முன்னால திட்டினீங்களேண்ணா. இத மட்டும் ஏன் என் காதுல சொல்றீங்க?"

அவன் நிமிர்ந்தான்.

"நவநீதா, சாவிய அவங்ககிட்ட குடு. அவங்க மேல தப்பில்ல. வால்வ கழட்டிட்டு சொல்லாம வுட்டது நான்தான்!" கத்தித்தான் சொன்னான்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டிரைவர்களில் ஒருவர் எழுந்துபோய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்து, வால்வு இருக்கும் கூட்டைத் தேடினார்.