துடைத்த கண்ணாடியில் சாம்பார்

1

இந்தக் கதை நான் யோசித்தது இல்லை, சுட்டது. கரையான்சாவடியில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு பெண். வீடு சுத்தம் செய்யும் ஏதோ கம்பெனியின் பச்சைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டியிருந்தாள். போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "பளபளன்னு தொட்ச்சிட்டு வந்தேன் சார். அந்த ஊட்ல இன்னா அயுக்கு கீதுன்னு கம்ப்ளெயிண்ட் குட்த்தாங்கன்னே தெர்ல!"

வானகரத்தில் இறங்கிப் போய்விட்டாள். அவள் கேள்வி என்னோடு அம்பத்தூர் வரைக்கும் வந்தது. சுத்தமான வீட்டை ஒருத்தர் எதற்கு அழுக்கு என்று சொல்ல வேண்டும்?

2

முதல் தொடக்கம்: "லாவண்யா பணத்திமிர் பிடித்தவள். வேலையாட்களைக் கண்டாலே அவளுக்கு"

வேண்டாம். இந்த லாவண்யாவை நாம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது.

இரண்டாவது: "பைபாஸ் ஓரத்து அடுக்ககத்தின் பதினோராம் மாடியில் மாலை வெயில் பொன்னாக"

சீ! எந்த வெயில் ஐயா அங்கே பொன்னாக இருக்கிறது? லாரிப் புழுதிதான் இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். லாவண்யா கரூர்க்காரி. வானகரத்தில் தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, அம்பத்தூர் ஐடி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மீட்டிங்கில் "நான் பேசுறது கேக்குதா?" என்பதைத் தவிர நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வேறு பேச்சு வருவது அபூர்வம். (ஒரு பெண்ணின் தனிமை உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். பெண்ணைப் பற்றித் தெரியாதுதான். தனிமை தெரியும்.)

3

ஆட்டோப் பெண்ணுக்கு நாகவல்லி என்று பெயர் வைத்தேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். லாவண்யா வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்று, அடுப்படி டைல்ஸைத் தேய்த்தபடியே நாத்தனார் சண்டையைச் சொன்னாள், பூந்தமல்லி பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்ததைச் சொன்னாள். நடுவில் சட்டென்று திரும்பினாள்.

"இன்னாம்மா, காலீல இருந்து ஒண்ணுமே துன்னாத கீறே?"

லாவண்யா அடுப்பைப் பற்ற வைத்தாள். "நீங்களும் சாப்பிடுங்கக்கா" என்று தோசை ஊற்றினாள். அந்த வீட்டில் இரண்டாவது தட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

4

அடுத்த முறைக்கும் அதே அக்காவை அனுப்பச் சொல்லி லாவண்யா கம்பெனிக்குப் போன் செய்தாள். முடியாது என்றார்கள். ஒரு தடவை போன வீட்டுக்கு அதே ஆளை மறுபடி அனுப்புவதில்லையாம். பழகிவிட்டால் கஸ்டமர் நேரடியாகக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். ஏதாவது குறை இருந்தால் மட்டும் அதே ஆளே திரும்ப வந்து, காசு வாங்காமல் துடைத்துக் கொடுப்பார்.*

லாவண்யா போனை வைத்தாள். செயலியைத் திறந்தாள். "பால்கனிக் கண்ணாடியில் கறை" என்று புகார் கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் உறைத்தது: கறையே இல்லையே! நாகவல்லி வருகிற நாள் காலையில், கரண்டியில் சாம்பாரை எடுத்துக் கண்ணாடியில் பூசினாள்.

(* கம்பெனியும் விதியும் என் கற்பனை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

5

நாகவல்லி வந்தாள். முகம் உம்மென்று இருந்தது. போன தடவை சொன்ன 'ம்மா' காணாமல் போயிருந்தது.

"எங்க மேடம் கறை?"

லாவண்யா காட்டினாள். நாகவல்லி குனிந்து மோந்து பார்த்தாள்.

"போன வாரத்துக் கறையில கொத்தமல்லி பச்சப்பசேல்னு கீது?"

லாவண்யா தரையைப் பார்த்தாள்.

"இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா என்னிய தூக்கிடுவாங்க மேடம். ஊட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன். உனக்கு நான் இன்னா கெடுதி பண்ணேன்?"

"சாரிக்கா."

"சாரிய வச்சிகினு நான் இன்னா பண்றது? எதுக்கு இப்டி பண்ணே? அத்தச் சொல்லு."

லாவண்யா துடைக்கிற துணியை எடுத்து நீட்டினாள். நாகவல்லி கண்ணாடியைத் துடைத்தாள், வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள். லாவண்யா வாசற்படி வரை வந்து நின்றாள்.

6

முடிவு (அ): நாகவல்லிக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது, சிரித்துக் கட்டிப்பிடிக்கிறாள். இது டீத்தூள் விளம்பரம். தள்ளுங்கள்.

முடிவு (ஆ): நாகவல்லிக்கு வேலை போகிறது, லாவண்யா ஜன்னலோரம் நின்று அழுகிறாள். அழ வைப்பது சுலபம். நாகவல்லிக்கு வேறு வேலை யார் தருவது, நீங்களா?

அதனால் ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் விடவில்லை. லாவண்யாவின் போனில் ஐந்து நட்சத்திரத்தையும் நானே அமுக்கிவிட்டேன். நாகவல்லிக்கு வேலை போகாது. ஆனால் கம்பெனி இனி அவளை அந்த வீட்டுக்கு ஒருநாளும் அனுப்பாது. வருவதென்றால் அவளாகத்தான் வர வேண்டும். அதற்கு லாவண்யா அந்த 'எதுக்கு'க்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீங்க நல்லா வேலை செய்றீங்கக்கா, அதான்" என்று எழுதினேன். பொய். "எனக்குப் பேச ஆளே இல்லக்கா" என்று எழுதினேன். காதுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க, என் அறையில் அதை வாய்விட்டுச் சொல்லப் போனேன். குரல் எழும்பவில்லை. காலையிலிருந்து நானும் யாரிடமும் பேசியிருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

பதினோராம் மாடிக்கு ஏறி வரும் லிஃப்ட் ஏழாம் மாடியைத் தாண்டிவிட்டது. நாகவல்லி லிஃப்டைப் பார்க்கவில்லை. லாவண்யாவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அந்தப் பதில் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், அவளுக்குக் கேட்காது.